கஞ்சி நேரத்துக் கோல்

அந்தக் கோலைக் கண்டதாகச் சொல்கிற மாத்தளைக்காரர்கள் எல்லாரையும் ஒரே நேரத்தில் மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், பந்து உருள இடமிருக்காது. கடைத்தெருவில் பாதிப் பேர் கண்டார்கள். அன்றைக்கு வியாபாரத்துக்காகக் கொழும்பில் நின்றவர்கள் கண்டார்கள். அப்போது தொட்டிலில் கிடந்தவர்கள்கூட இப்போது மீசையைத் தடவிக்கொண்டு, கோலுக்குப் பக்கத்திலேயே நின்றதாகச் சொல்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கெல்லாம் முன்னால் நிற்கிறவன் நான். என் புடவைக் கடைக்கு வந்து, அந்தக் கோலைக் கேட்காமல் துணி எடுத்துப் போனவர் குறைவு. கல்யாணச் சேலை எடுக்க வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லியிருக்கிறேன், இறந்தவரைப் போர்த்தக் கபன் துணி எடுக்க வந்தவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். இரண்டாமவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டார்கள்.

பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது என்பதால் ஒன்றை முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோலை நான் காணவில்லை. மைதானத்தில்தான் நின்றேன், அதில் பொய்யில்லை. ஆனால் கையில் அகப்பை, முகம் கஞ்சிப் பானைக்கு நேரே, ஆட்டத்தின் பக்கம் இருந்தது என் முதுகு மட்டும்.

எங்கள் ஊர்க் கழகத்துக்கு நான் செயலாளர். ஆட்டம் தெரிந்ததால் கிடைத்த பதவி இல்லை அது. இளவயதில் ஒரே ஒரு பெரிய ஆட்டத்தில் இறங்கினேன். பந்தை நான் தொட்டதைவிடப் பந்து என்னைத் தொட்டதுதான் அதிகம், அதுவும் பெரும்பாலும் வயிற்றில். என் வாழ்நாளில் நான் போட்ட ஒரே கோல் எங்கள் பக்கத்துக் கோலுக்குள்ளேயே போனது. இவன் வெளியே நின்று கத்துவதுதான் ஊருக்கு நல்லது என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். கடையில் நாலு பேர் உட்கார வாங்கு இருந்தது, எனக்கு வாயும் இருந்தது, செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பக்கத்துக் கடைத் தையல்காரர் உபதலைவர். எங்கள் கழகத்தில் ஓடுகிறவர்களைவிட உத்தியோகம் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

அந்தக் கோலுக்குப் பேர் பெற்றவனைக் கண்டுபிடித்தது நான் என்றும் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில் பந்துதான் கண்டுபிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் எங்கள் ஆள் ஒருவன் வானத்தைப் பார்த்து உதைத்த பந்து வேலியைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தது. பலாபத்வலைக்கு அப்பால் உள்ள கொக்கோத் தோட்டமொன்றிலிருந்து சாமான் வாங்க வந்த ஒரு இளைஞன், தலையில் அரிசி மூட்டையோடு அம்மாவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான். மூட்டையை அவன் இறக்கவில்லை. இடது காலால் பந்தை நிறுத்தி, அதே காலால் திருப்பி அனுப்பினான். பந்து வேலிக்கு மேலால் வந்து, என் கையிலிருந்த பிளேன்டீக் கோப்பையைத் தட்டிவிட்டு, மைதானத்தின் நடு வட்டத்தில் போய் நின்றது.

சட்டையெல்லாம் தேத்தண்ணி. "எவன்டா அவன்?" என்று கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். அடிக்கத்தான் வருகிறேன் என்று நினைத்து, அவன் அம்மா எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"தெரியாம பட்டுருச்சுங்க ஐயா. மன்னிச்சுக்கங்க."

"தெரியாம அடிச்சே இப்படியெண்டா, தெரிஞ்சு அடிச்சா எப்படி ஈக்கும்? வார ஞாயித்துக்கெழம அனுப்புங்க உம்மா, மூட்டை இல்லாம அனுப்புங்க" என்றேன்.

அவன் பேரைக் கேட்டோம், சொன்னான், ஆனால் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. அன்றிலிருந்து மாத்தளைக்கு அவன் லெப்ட். தோட்டத்தில் அவர்களுக்குப் பந்து வாங்கிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? கொக்கோவுக்கு நடுவே நிற்கிற ரப்பர் மரத்தில் காய்ந்து தொங்கும் ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றி உருட்டிப் பந்தாக்கி, லயத்து வீட்டு வாசலில் விளையாடியிருக்கிறார்கள். அந்தப் பந்து எங்கே குதிக்கும், எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது. அதை அடக்கிப் பழகிய காலுக்கு எங்கள் தோல் பந்து சொன்னபடி கேட்டது. பூட்ஸ் போடச் சொன்னோம். போட்டுப் பார்த்து, ரோட்டில் தார் ஒட்டினவன் மாதிரி நாலடி நடந்து, கழற்றி வைத்துவிட்டான்.

அரைக்கால் களிசானுக்குத் துணி நான் கொடுத்தேன், தையல்காரர் தைத்தார். வளருகிற பிள்ளை என்று இடுப்பில் தாராளமாக விட்டுத் தைத்தார். அவன் வளரவில்லை. பந்தோடு ஓடும்போது ஒரு கையால் களிசானைப் பிடித்துக்கொண்டே ஓடுவான். எதிரே வருகிறவனிடம் வழி கேட்க நிற்பவன் மாதிரி பந்தைப் பாதத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்பான். வந்தவனும் நிற்பான். பிறகு பார்த்தால் ஒருவன் மட்டும்தான் நின்றுகொண்டிருப்பான். இன்றைக்கும் எங்கள் மைதானத்தில் சின்னப் பிள்ளைகள் பந்தோடு ஓடும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். அண்ணன்மார் ஓடினார்கள், தம்பிமாரும் ஓடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் தெரியாது. தையல்காரர் மட்டும் அதைப் பார்த்து, தன் தையல்தான் ஊரில் நிலைத்தது என்று நெஞ்சை நிமிர்த்துவார்.

லெப்ட் வந்த வருடம் நாங்கள் இறுதியாட்டத்துக்குப் போனோம். இதற்கு முன் நாங்கள் இறுதியாட்டத்தைப் பார்த்திருக்கிறோம், அடுத்தவர்கள் ஆட. கண்டிப் பக்கத்து அணியொன்று எதிரணி. எழுபதுகளின் தொடக்கம், ஐப்பசி மாதம். மழை இரண்டு தடவை ஆட்டத்தைத் தள்ளிவைத்தது. பரிசு கொடுக்க அழைத்திருந்த சிங்களப் பெரியவருக்கு, எங்கள் வாயில் பெரிய மாத்தயாவுக்கு, ஒரே ஒரு சனிக்கிழமைதான் நேரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்தின் முப்பதாகவும் இருக்கலாம், நோன்பு ஒன்றாகவும் இருக்கலாம். வெள்ளி மாலை பிறை தெரிகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

கூட்டத்தில் எல்லாரும் தயங்கினார்கள். நான் எழுந்து நின்றேன். எங்கே எழுந்து நிற்கக் கூடாதோ அங்கே எழுந்து நிற்பது என் சுபாவம்.

"ஐப்பசி மழையில எங்களுக்குச் சூரியனே கண்ணுக்குத் தெரியுதில்ல, பிறை எங்க தெரியப்போகுது? நான் செல்றேன், சனிக்கெழம நோன்பு இல்ல. எழுதிக்கொள்ளுங்க."

எழுதிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். மேலே ஒரே கறுப்பு. நான் வானத்தைப் பார்த்து, அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அப்போது தையல்காரர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஓய் செயலாளர்! பிறை கண்டாச்சு!"

"எங்க?"

"எங்கயோ கடக்கரைப் பக்கம். றேடியோவுல செல்றாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில், "அந்த மனிசனுக்கு இண்டைக்கு வானத்தப் பாக்கிறத விட்டா வேற வேலை இல்லையா?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பிறகு நாக்கைக் கடித்து, தவ்பா செய்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நோன்பின் தலை இரவே எனக்கு இப்படித்தான் விடிந்தது.

ஆட்டத்தைத் தள்ள முடியாது, மாத்தயா வருகிறார். எங்கள் ஆட்களில் லெப்டைத் தவிர எல்லாரும் நோன்பாளிகள். கண்டிக்காரர்களிலும் பாதிப் பேர் அப்படியே. கடைத்தெருவில் என்னைக் கண்ட இடமெல்லாம் திட்டினார்கள். அவர்கள் வாயை அடைக்க நான் ஒரு வழி கண்டேன். நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் காய்ச்சுகிற கஞ்சியை மைதானத்துக்கே கொண்டுவருவது. பெரிய பானைகள், கோப்பைகள், பேரீத்தம்பழம், வடை. நோன்பு பிடித்தவர் பிடிக்காதவர் என்று கஞ்சிக்கு வித்தியாசம் கிடையாது. எங்கள் ஊரில் நோன்பு மாதம் வந்தால் சிங்கள ஆட்களும் தோட்டத்து ஆட்களும் தூக்குவாளியோடு பள்ளிக்கு வருவார்கள். தேங்காய்ப் பாலும் இறைச்சியும் ரம்பை இலையும் சேர்ந்த அந்த வாசனைக்கு யார்தான் வராமல் இருப்பார்கள்? எல்லாருக்கும் உண்டு என்று அறிவித்தேன். ஊர் என்னை மன்னித்தது. நானும் என் புத்தியை மெச்சிக்கொண்டேன்.

மாத்தயா வரத் தாமதம், ஆட்டம் தொடங்கத் தாமதம். நோன்பு நாட்களில் எங்கள் ஆட்கள் ஆடுவதைப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை, அவர்களுக்கும் பழக்கமில்லை. முதல் பாதியிலேயே நாக்கு தொங்கிவிட்டது. பந்து ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குப் போகும் வழியில் களைத்துப்போய் நின்றது. லெப்ட் ஒருவன்தான் மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டு வந்தவன். அவன் மட்டும் ஓடினான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும். இரண்டு பக்கமும் கோல் இல்லை.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு கேட்டால் ஆட்டம் முடிந்தது. ஆனால் அன்றைக்கு றெபரி பொலிசில் சார்ஜனாக இருந்த ஒரு சிங்களவர். இறுதியாட்டம் என்பதால் தன் கடிகாரம் சொல்லும்வரை ஊத மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது பள்ளியில் பாங்கு சொன்னார்கள்.

அவ்வளவுதான், சனம் முழுக்கப் பானைகளின் பக்கம் திரும்பியது. ஒரே நெரிசல். தையல்காரர் முதல் ஆளாகக் கோப்பையை நீட்டினார். மாத்தயாவும் கதிரையை விட்டு எழும்பி வந்தார். மைதானத்துக்குள் எங்கள் ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்று துஆ ஓதினார்கள், சிலர் கோட்டுக்கு வெளியே ஓடிவந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். நான் அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன். கஞ்சி உறிஞ்சும் சத்தம் தவிர அந்த மைதானத்தில் வேறு சத்தமே இல்லை. அப்போது பின்னால் ஒரு விசில் கேட்டது.

"எனத்தியன்?" என்றேன். வாய் நிறைய வடையோடு ஒருவன் திரும்பிப் பார்த்து, "கோல்!" என்றான். எந்தப் பக்கம் என்று கேட்டேன். றெபரியின் கையைப் பார்த்து, "எங்கட பக்கம்தான்!" என்றான். நான் அகப்பையை வானத்தில் எறிந்துவிட்டுக் குதித்தேன். அகப்பை திரும்பி வந்து பானைக்குள் விழுந்தது. பானைக்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்போடு நின்ற மாத்தயா மேல் கஞ்சி தெறித்தது. நாங்கள் வென்றுவிட்டோம், எப்படி என்று தெரியாமல்.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே ஆட்கள் நின்றார்கள். ஆட்டத்துக்கு வராதவர்கள். "எப்படிப் போச்சு செயலாளர், கோல் எப்படிப் போச்சு?" செயலாளர் தெரியாது என்று சொன்னால் நன்றாக இருக்குமா? "லெப்ட் போட்டது. எடது கால்" என்றேன். அவன் வேறு எந்தக் காலால் போடுவான்? மத்தியானம் ஒரு ஆளைச் சேர்த்தேன், அவனை லெப்ட் வெட்டிக்கொண்டு போனான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டாவது ஆள் வந்தான். பெருநாளுக்குள் பந்து மைதானத்தின் பாதியிலிருந்து புறப்பட்டுவிட்டது. கம்பத்தில் பட்டு உள்ளே போனதாக நான் சொல்ல, தையல்காரர் பக்கத்துக் கடையிலிருந்தே, "ரெண்டு கம்பத்துலயும்!" என்று குரல் கொடுத்தார். அவர் கோப்பை அந்த நேரம் என் அகப்பைக்குக் கீழே இருந்தது எனக்குத் தெரியும். என் அகப்பை எங்கே இருந்தது என்று அவருக்கும் தெரியும். அதனால் எங்கள் இருவருக்குள்ளும் நல்ல ஒற்றுமை.

அடுத்த பருவத்தில் லெப்ட் சில ஆட்டங்கள்தான் ஆடினான். பிறகு வரவில்லை. ஊர் காரணம் தேடியது. முழங்கால் போய்விட்டது என்றார்கள். கண்டிக்காரர்கள் சூனியம் செய்தார்கள் என்றார்கள். தோட்டத்துக் கங்காணியின் மகளோடு ஏதோ கதை என்றார்கள். எல்லாக் காரணமும் கேட்க நன்றாக இருந்தது, உண்மையான காரணத்தைத் தவிர. அவன் அப்பா, உயிரோடு இருந்த காலத்தில், குடும்பத்தில் எல்லார் பேரையும் சேர்த்து இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்திருந்தார். அவன் அப்போது சின்னப் பிள்ளை. இலங்கை, இந்தியா என்று இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டபோது, இவர்கள் அந்தப் பக்கத்துப் பங்கில் விழுந்தார்கள். இப்போது பாஸ்போட் வந்துவிட்டது. பந்து விளையாடுகிற நேரமா இது?

கேள்விப்பட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் லெப்டை எப்படிக் கொண்டுபோவார்கள்? நானும் தையல்காரரும் நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு பெரிய மாத்தயாவைப் பார்க்கப் போனோம். அவர் மனம் வைத்தால் ஏதாவது நடக்கும் என்று நம்பினோம். அந்தக் கோலைப் பற்றி நான் சிங்களத்தில் விரிவாகச் சொன்னேன், கம்பம் எல்லாம் சேர்த்து. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தக் கோல்? நான் அந்த நேரம் கஞ்சி குடிச்சிட்டு இருந்தேனே" என்றார். பிறகு கஞ்சி நல்லாயிருந்தது, கறைதான் இன்னும் போகவில்லை என்றார். மாத்தளையிலேயே அந்தக் கோலைப் பற்றி உண்மை பேசிய ஒரே மனிதர் அவர்தான். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. பையனுடைய விஷயம் மேலிடத்து விஷயம், தன் கையில் இல்லை என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்.

அதற்கிடையில் கண்டி அணியின் கோல்காவலர் தங்கச்சி கல்யாணத்துக்குத் துணி எடுக்க என் கடைக்கே வந்தார். பந்து போனதைக் காணவேண்டிய கண்கள் இந்த உலகத்தில் இருந்தால் அவை இவருடையவைதானே? நான் கதையைத் தொடங்கவில்லை, அவரே தொடங்கினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அண்ணனைக் கூப்பிடுவது மாதிரி என்னைக் கூப்பிட்டு, காதோடு சொன்னார்: "நானா, ஒங்களிட்ட மட்டும் செல்றேன். நான் நோன்பு. கம்பத்துக்குக் கீழ ஒரு பேரீத்தம்பழம் வச்சீந்தேன். பாங்கு செல்லவும் அத எடுக்கக் குனிஞ்சேன். நிமிர்ந்தா பந்து உள்ளுக்கு." றெபரி? விழுந்து கிடந்த இரண்டு பேரைத்தான் றெபரி பார்த்துக்கொண்டு நின்றாராம், அடித்தார்களா பிடித்தார்களா என்று. அப்படியென்றால் அந்தக் கோலை அல்லாஹ்வைத் தவிர ஒருவரும் காணவில்லை. அவருக்குச் சேலை விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு ஒரு காலையில் லெப்ட் கடைக்கு வந்தான், அம்மாவோடு. மெலிந்திருந்தான். இந்தியாவுக்குப் போகிற தோட்டத்து ஆட்கள், கோச்சி என்று நாங்கள் சொல்கிற ரயிலில் ஏறுவதற்கு முன், இங்கே துணி எடுப்பது அந்த நாட்களில் வழக்கமாகிவிட்டது. கடைத்தெருவில் எங்களுக்கு நல்ல வியாபாரம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"வர்ற வாரம் கோச்சி ஏறுறோம் நானா" என்றான்.

சேலைகளை இழுத்து இழுத்துப் போட்டேன். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"காயிதத்துல ஒரு ஊர்ப் பேரு போட்டுருக்கு. தாத்தாவோட ஊராம். எங்கப்பாவே பாத்ததில்ல" என்றான். பிறகு, "நானா, அம்மாவுக்கு அந்தக் கோல சொல்லுங்க. நான் வெளையாடி அம்மா ஒருநாளும் பாக்கல. அன்னிக்கும் லயத்துலதான் இருந்துச்சு" என்றான்.

கேட்கவேண்டுமா? துணி அளக்கிற கோலை எடுத்தேன். சேலைக் கட்டுகளை ஆட்களாக நிறுத்தினேன். சிவப்புச் சேலை எதிரணி, வெள்ளை வேட்டி கோல்காவலர். லெப்டை இடுப்பைப் பிடிக்க வைத்து, வழி கேட்க வைத்து, இரண்டு பேரை வெட்ட வைத்தேன். சத்தம் கேட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து வாசலில் நின்றார். கம்பங்கள் வந்தபோது இரண்டும் தன்னுடையவை என்று அவர் நினைவுபடுத்தினார். அம்மா வாங்கில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கேட்டார். நான் மூச்சு வாங்கி முடித்ததும் அமைதியாகக் கேட்டார்.

"ஐயா, நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தனாவா? பக்கத்துல நின்டேன்!"

"இல்லைங்க, இவன் தூக்கத்துலயும் இதையே ஒளறுறான். அது ஏங் கால்ல பட்டுப் போச்சா, அந்தாளு முழங்கால்ல பட்டுப் போச்சான்னு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அந்தக் கண்டி டீம் பேக் ஆளு வந்து மோதுனாரு நானா. நான் அடிச்சேன்னுதான் நெனைக்கிறேன். ரெண்டு பேரும் விழுந்துட்டோம். என் மூஞ்சி சேத்துல. நிமிந்து பாத்தா பந்து வலைக்குள்ள கெடக்கு. ஒருத்தரும் கத்தல. கோல் இல்லன்னுதான் நெனச்சேன்." தலையை நிமிர்த்தினான். "அங்க போயி யாருகிட்டயும் பெருமையடிக்க இல்ல. எனக்குத் தெரியணும். அது ஏங் கோல்தானே? வல்லாஹி சொல்லுங்க நானா. நீங்க சொன்னா போதும்." அம்மாவிடம் திரும்பி, "இவங்க வல்லாஹி போட்டுச் சொன்னா பொய் சொல்ல மாட்டாங்கம்மா" என்றான்.

இத்தனை பேர் அந்தக் கதையைக் கேட்டார்கள். ஒருவரும் என்னிடம் சத்தியம் கேட்டதில்லை. வியாபாரத்தில்கூட நான் அல்லாஹ்மேல் ஆணை என்று வல்லாஹி போடுவதில்லை, வாப்பா பழக்கிய பழக்கம். அந்த ஒரு சொல்லை வைத்து விளையாடினால் பிறகு எந்த முகத்தோடு தொழுகைக்கு நிற்பது? தையல்காரரைப் பார்த்தேன். அவர் அளவு நாடாவில் இருந்த இலக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தார். பையனைப் பார்த்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆம் சொன்னால் போதும், சந்தோஷமாகக் கோச்சி ஏறுவான்.

"தம்பி, நான் கஞ்சி ஊத்திக்கொண்டு ஈந்தேன்" என்றேன்.

"நான் கோப்பைய நீட்டிக்கொண்டு ஈந்தேன்" என்றார் தையல்காரர், நாடாவைப் பார்த்தபடியே.

முதலில் சிரித்தது அம்மாதான். கஞ்சியா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார், எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நானும் பாக்கல, நீங்களும் பாக்கல" என்றான் அவன்.

"ஒருத்தரும் பாக்கல்ல, தம்பி."

பேரீத்தம்பழத்தை மட்டும் நான் சொல்லவில்லை. அவன் சத்தியம் கேட்டது நான் கண்டதைப் பற்றித்தான், கேள்விப்பட்டதைப் பற்றி இல்லையே. அந்த ஒரு பழத்தை இத்தனை காலமும் வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தேன். இப்போதுதான் துப்புகிறேன்.

அவன் சேலைக் கட்டு ஒன்றை நகர்த்திவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "சரி நானா, வல்லாஹி வேணாம். சும்மா சொல்லுங்க, முன்ன சொன்ன மாதிரியே."

"எல்லாம் நான் சோடிச்சது தம்பி."

"பரவால்ல. நாங்க போன பொறகும் நிறுத்திறாதீங்க. நான் இங்கதான் பொறந்தேன், எங்கம்மாவும் இங்கதான் பொறந்துச்சு. அதுக்கு எங்ககிட்ட ஒரு காயிதமும் இல்ல. நீங்க கடையில உக்காந்து சொல்றதுதான் இருக்கு."

சொன்னேன். இரண்டாம் தடவை ஆட்களைக் குறைத்துக்கொண்டேன், கம்பங்களை எடுத்துவிட்டேன், தையல்காரரும் குறுக்கே பேசவில்லை. இடது கால், சுத்தமாக, யாருடைய முழங்காலிலும் படாமல். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, கடைக்குள் போய் எதையோ தேடுவது மாதிரி நின்றேன். துணியைக் கட்டிக் கொடுத்தேன். தையல்காரர் அவனுக்கு ஒரு களிசான் தைத்துக் கொடுத்தார். இந்தத் தடவை அளவு சரியாக இருந்தது.

கோச்சி ஏற்றிவிட நான் போகவில்லை. மாத்தளை ஸ்டேசனில் அந்தக் கோச்சி புறப்படும்போது எழும்புகிற ஒப்பாரி கடைத்தெரு வரைக்கும் கேட்கும். அன்றைக்கும் கேட்டது. கத்தரிக்கோலால் ஒரு துணியைக் கோணலாக வெட்டிப் பாழாக்கினேன். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

கதையை நான் நிறுத்தவில்லை. அவன் சொன்னபடி சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கம்பங்கள் திரும்பி வந்துவிட்டன, எனக்கும் வெட்கம் குறைந்துவிட்டது. கண்டதாக மட்டும் சொல்வதில்லை. நீங்கள் கண்டீர்களா என்று யாராவது கேட்டால், துணியை அளக்கக் குனிந்துவிடுவேன்.

சென்ற பெருநாளுக்கு முந்திய வாரம் கடையில் நல்ல கூட்டம். கதை முடிந்ததும், வெளியூரிலிருந்து வந்து இங்கே உத்தியோகம் பார்க்கிற ஒருவர், சட்டைத் துணியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, "ஆ, அந்தப் பையன் இந்தியாக்காரன்தானே?" என்றார்.

நான் கத்தரிக்கோலை வைத்தேன்.

"மாத்தளை ஆள்" என்றேன். "வல்லாஹி."